டென்வர்ல இருந்து மீன்பிடி, வேட்டை: எங்க ஆரம்பிக்கிறது? எச்1பி கேள்வியும் இருக்கு

கண்மாய்க்கரையான்:

வணக்கம் மக்களே. நியூஜெர்சில ஆறு வருஷம் இருந்துட்டு டென்வர் பக்கம் வந்து எட்டு மாசம் ஆகுது. சின்ன வயசுல தாத்தாகூட கண்மாய்ல மூங்கில் தூண்டில் போட்டு, தக்கை எப்ப முங்கும்னு மணிக்கணக்கா பாத்துட்டு உக்காந்திருப்பேன், அதுக்கப்புறம் படிப்பு வேலைன்னு எல்லாம் போச்சு. இங்க வந்து பாத்தா ஒரு பக்கம் ராக்கி மலை, இன்னொரு பக்கம் கண்ணுக்கு எட்டுன வரைக்கும் புல்வெளி, ஆபிஸ்ல பாதிப்பேரு திங்கக்கிழமை காலைல ட்ரவுட் மீனு, எல்க் மானுன்னுதான் பேசுறானுங்க. ஒருத்தர் அவர் ஃப்ரீசர்ல இருந்து எல்க் கறி ஒரு பொட்டலம் குடுத்தாரு, மிளகு போட்டு வறுத்தோம், வீட்டம்மாவே ரெண்டாவது தடவ கேட்டு வாங்கி சாப்பிட்டாங்க.

இப்ப கேள்வி. மீனுக்கு எங்க போறது, லைசென்ஸ் எப்படி? வேட்டைக்கு எச்1பி வேலை விசால இருக்கறவன் போகலாமா, துப்பாக்கி தொடலாமா? ஆபிஸ் நண்பர் "வா, இந்த சனிக்கிழமை ரேஞ்சுக்கு போய் என் ரைஃபிள்ல சுட்டுப் பழகு"ன்னு கூப்பிடுறாரு. அப்புறம் வயோமிங், மொன்டானா, டகோட்டான்னு எல்லாரும் சொல்றாங்க, எதுக்கு எங்க போகணும்னு ஒண்ணுமே புரியல. கூகுள் பண்ணா நூறு பக்கம் பிடிஎஃப் வருது, படிச்சா தலை சுத்துது.

---

கெளுத்தி_ரசிகன்:

வாங்க தம்பி. முதல்ல மீன், துப்பாக்கிய அப்புறம் பாத்துக்கலாம்.

எட்டு மாசம் ஆச்சுல்ல, அப்ப நீங்க ரெசிடென்ட் ரேட்லயே லைசென்ஸ் வாங்கலாம், கொலராடோல தொடர்ந்து ஆறு மாசம் குடியிருந்தா போதும். 16 வயசுக்கு மேல எல்லாருக்கும் வேணும். ஒரு வருஷ லைசென்ஸ்னு வாங்கினா அது மார்ச் 1ல ஆரம்பிச்சு அடுத்த வருஷம் மார்ச் 31 வரைக்கும் ஓடும், 13 மாசம், அதனால பிப்ரவரில போய் வாங்காதீங்க. கூட ஹாபிடாட் ஸ்டாம்ப்னு, விலங்குங்க வாழற இடத்த காப்பாத்தறதுக்கு ஒரு கட்டணம் சேத்து போடுவாங்க, அது ஏமாத்து வேலை இல்ல. காசு கட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ போய் பாக்கணும்னா ஜூன் முதல் சனி ஞாயிறு ரெண்டு நாளும் கொலராடோல லைசென்ஸே வேணாம்.

இடம்னா, எல்லாரும் உங்கள நேரா மலைக்கு, ஃப்ளை ராட் வாங்கு, தண்ணில நிக்கறதுக்கு வேடர்ங்கற ரப்பர் கால்சட்டை வாங்குன்னு ஆயிரம் டாலருக்கு செலவு வெப்பாங்க, கேக்காதீங்க. கண்மாய்ல வளந்த ஆளுக்கு முதல் வருஷம் செர்ரி க்ரீக், சாட்ஃபீல்ட் ரெண்டும் போதும், ரெண்டும் ஸ்டேட் பார்க், உங்க வீட்டுலருந்து அரை மணி நேரம் இருக்கும். கோடைல பொழுது சாஞ்சப்புறம் மண்புழுவோ கோழி ஈரலோ போட்டு அடில கிடக்க விடுங்க, சேனல் கேட்ஃபிஷ்ங்கறது நம்ம கெளுத்திக்கு பெரியப்பா மகன், மீசையும் அதே, முள்ளு குத்துறதும் அதே. வால்ஐயும் இருக்கு, அது கொஞ்சம் கர்வம் புடிச்ச மீனு, சாயங்காலமும் விடியக்காலமும்தான் கரைப்பக்கம் வரும், ஆனா ருசின்னா அதுதான், முள்ளு கம்மி, வெள்ள சதை.

மலை ஆத்துக்கு போறதா இருந்தா மே கடைசி, ஜூன்ல போகாதீங்க, பனி உருகி தண்ணி சேறா வேகமா ஓடும், நின்னா இழுத்துட்டு போயிரும். அப்பவே போயாகணும்னா அணைக்கு கீழ இருக்கற பகுதிக்கு போங்க, அணைல சேறு தங்கிட்டு தண்ணி தெளிவா வரும். ஆகஸ்ட்ல வேற பிரச்சனை, தண்ணி சூடு 68 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினா ட்ரவுட்டுக்கு மூச்சு முட்டும், புடிச்சு விட்டாலும் செத்துரும், காலைல புடிச்சிட்டு மத்தியானத்துக்குள்ள சுருட்டிட்டு வந்துருங்க. மத்தியானம் இடி மின்னல் வேற வரும், கையில எட்டடி கார்பன் கம்பு வெச்சுட்டு ஆத்து நடுவுல நிக்கறது புத்திசாலித்தனம் இல்ல.

கோல்ட் மெடல் வாட்டர்னு கேள்விப்படுவீங்க. ஒரு ஏக்கர் தண்ணில 60 பவுண்டு ட்ரவுட் இருக்கணும், அதுல 14 இஞ்சுக்கு மேல 12 மீனாவது இருக்கணும், அப்பதான் அந்த பேரு குடுப்பாங்க. ஃப்ரையிங்பான், கனிசன், சவுத் ப்ளாட் ஆத்துல சில பகுதி எல்லாம் இருக்கு, ஆர்கன்சா ஆத்துல 2014ல 102 மைலுக்கு ஒட்டுமொத்தமா குடுத்தாங்க. ஆனா இதுல நிறைய இடத்துல மண்புழு கூடாது, செயற்கை இரை மட்டும்தான், சில இடத்துல புடிச்சதெல்லாம் திருப்பி விடணும். போர்டு படிக்காம தூண்டில் போடாதீங்க. பொதுவா ட்ரவுட் ஒரு நாளைக்கு 4, வீட்டு ஃப்ரீசர்ல இருக்கறதயும் சேத்து 8.

ஃப்ளை ஃபிஷிங் பாக்கணும்னா சாதா ஸ்பின்னிங் ராட்லயே தண்ணி ஊத்துற ப்ளாஸ்டிக் பபுள் ஒண்ணு மாட்டி அதுக்கு நாலடி பின்னால ஃப்ளைய, அதான் பூச்சி மாதிரி செஞ்ச செயற்கை இரைய, கட்டி வீசுங்க. அந்த பபுள் நம்ம தக்கைதான், வேற ஒண்ணும் இல்ல. நான் அஞ்சு வருஷம் அப்படித்தான் மலை ஏரில புடிச்சேன், பக்கத்துல மூவாயிரம் டாலர் சாமான் போட்டு நின்னவரு ஒரு மாதிரி பாத்தாரு, பாக்கட்டும்.

---

பைன்மரத்தாள்:

கரையான் தம்பி, அந்த சனிக்கிழமை ரேஞ்ச் ப்ளான நிறுத்துங்க. நிஜமா சொல்றேன், இன்னைக்கே நண்பருக்கு மெசேஜ் போடுங்க.

எச்1பி, எச்4, எஃப்1 எல்லாம் நான்-இமிக்ரன்ட் விசா, அதாவது தற்காலிகமா வந்து தங்கறவங்க விசா. ஃபெடரல் சட்டப்படி நான்-இமிக்ரன்ட் விசால இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கக் கூடாது, அடுத்தவங்க துப்பாக்கிய கைல வாங்கி சுடறதும் அதுலதான் வரும். அதுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு, அமெரிக்கால ஏதாவது ஒரு மாநிலத்துல முறையா வாங்குன, காலாவதி ஆகாத ஹன்டிங் லைசென்ஸ் உங்ககிட்ட இருக்கணும். ஃபிஷிங் லைசென்ஸ் செல்லாது, ஹன்டிங் லைசென்ஸ். அதனால எல்லாரும் பண்ற மாதிரி முதல்ல துப்பாக்கி, அப்புறம் லைசென்ஸ்ங்கற வரிசை நமக்கு கிடையாது. ஹன்டர் எஜுகேஷன் க்ளாஸ், அப்புறம் லைசென்ஸ், அதுக்கப்புறம்தான் துப்பாக்கி பக்கமே போகணும். லைசென்ஸ் முடியற தேதிய காலண்டர்ல போட்டு வெச்சுக்கங்க, ஏன்னா அது முடிஞ்ச அன்னைக்கு வீட்டு அலமாரில இருக்கற துப்பாக்கியும் பிரச்சனை ஆயிரும். க்ரீன் கார்டுக்கு இந்த தடை இல்ல. எதுக்கும் உங்க இமிக்ரேஷன் வக்கீல்ட்ட ஒரு ஈமெயில் போட்டு கேட்டுருங்க, நூறு இருநூறு டாலருக்கு பாத்து விசாவ விட்டுறாதீங்க.

இன்னொண்ணு, கொலராடோல கஞ்சா கடை தெருவுக்கு தெரு இருக்கு, ஆனா ஃபெடரல்ல அது இன்னும் குத்தம்தான். கஞ்சா எடுக்கறவங்க துப்பாக்கி வெச்சிருக்கக் கூடாதுன்னு தனியா ஒரு தடை, அதுபோக விசாக்காரங்களுக்கு இமிக்ரேஷன் தலைவலி. நீங்க அப்படின்னு சொல்லல, படிக்கறவங்க நிறைய பேரு இருக்கீங்கல்ல.

ஹன்டர் எஜுகேஷன் கொலராடோல 1949 ஜனவரி 1க்கு அப்புறம் பொறந்த எல்லாருக்கும் கட்டாயம், அந்த கார்டு இல்லாம லைசென்ஸே தரமாட்டாங்க. நான் க்ளாஸ் போனப்ப முப்பது பேர்ல சேலை கட்டற ஊர்லருந்து வந்தவ நான் ஒருத்திதான், பக்கத்துல பத்து வயசு பையன் உக்காந்து எனக்கு கம்பிவேலிய எப்படி துப்பாக்கியோட தாண்டறதுன்னு சொல்லிக் குடுத்தான்.

துப்பாக்கியே வேணாம், தலைவலியும் வேணாம்னா வில் இருக்கு. வில்லு அம்பு இந்த சட்டத்துல துப்பாக்கி கணக்குல வராது, லைசென்ஸும் ஹன்டர் கார்டும் மட்டும் போதும். செப்டம்பர்ல எல்க் இனச்சேர்க்கை நேரம், ஆண் எல்க் கத்தற சத்தம் விடியக்காலைல பள்ளத்தாக்கு பூரா கேக்கும், அந்த சத்தத்துக்காகவே போகலாம். ஆனா முப்பது கஜத்துக்குள்ள போகணும், அதுக்கு ஒரு வருஷமாவது தினமும் அம்பு விட்டுப் பழகணும்.

எல்க் அதிகமா இருக்கற மாநிலம் நம்மளுதுதான், சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம். அதுக்காக கடைக்கு போற மாதிரி நினைச்சுக்காதீங்க, அஞ்சு பேர் போனா ஒருத்தருக்கு கிடைச்சாலே பெரிய விஷயம். நான் முதல் வருஷம் ஒரு எல்க்கோட சாணி மட்டும் பாத்தேன். ரெண்டாவது வருஷம் பாத்தேன், ஒரு மைல் தள்ளி, தனியார் நிலத்துல, என்னையே பாத்து அசை போட்டுட்டு நின்னுச்சு. மூணாவது வருஷம்தான் ஒரு பெண் எல்க். சுடற வரைக்கும் அது வேட்டை, சுட்டப்புறம் சுமைகூலி வேலை. பத்தாயிரம் அடி உயரத்துல, எலும்ப எடுத்துட்டு கறி மட்டும் கட்டினாலே பெரிய ஆண் எல்க்னா 200 பவுண்டு வரும், ரோட்டுக்கு மூணு மைல், முதுகுல சுமந்துட்டு நாலு நடை. கறிய காட்டுல விட்டுட்டு கொம்ப மட்டும் எடுத்துட்டு வந்தா அது குத்தம். அதனால ரோட்டுலருந்து எவ்வளவு தூரம்ங்கறத சுடறதுக்கு முன்னாடி யோசிக்கணும், விழுந்தப்புறம் யோசிச்சு புண்ணியமில்ல.

டேக்னா இன்ன விலங்க சுடலாம்னு தர்ற அனுமதி சீட்டு, அந்த குலுக்கலுக்கு ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமைதான் கடைசி நாள். கொம்பு மேல ஆசைப்படாம பெண் எல்க் டேக், இல்ல கிழக்குப் பக்கம் புல்வெளில பெண் ப்ராங்ஹார்ன் டேக் போடுங்க, புதுசா வர்றவங்களுக்கு அதுதான் கிடைக்கும். ப்ராங்ஹார்ன்ங்கறது மான் மாதிரி ஒரு விலங்கு, ஒரு அதிசயம், மணிக்கு 55 மைல் ஓடும், ஆனா வேலிய தாண்டத் தெரியாது, குனிஞ்சு அடில நுழையும். ரைஃபிள் சீசன்ல ஆரஞ்சோ பிங்க்கோ, இடுப்புக்கு மேல 500 சதுர இஞ்ச், தொப்பியும் அதே கலர். பிங்க் என்னத்துக்குன்னு கேக்காதீங்க, எனக்கும் பிடிக்கல.

கறிய சோதிக்க குடுக்கறது மறக்கக் கூடாது. மான், எல்க்குக்கு க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ்னு ஒரு நோய், ப்ரியான்ங்கற கெட்டுப்போன புரதத்தால வந்து மூளைய அரிக்கற வகை, முதல்ல பாத்ததே 1967ல நம்ம ஃபோர்ட் காலின்ஸ்லதான். மனுஷனுக்கு வந்ததா இதுவரைக்கும் ஒண்ணும் நிரூபணம் ஆகல, ஆனா பாசிட்டிவ்னா சாப்பிடாதீங்கன்னுதான் அமெரிக்க நோய் தடுப்பு மையம் சிடிசி சொல்லுது. தலைய கொண்டுபோய் குடுத்தா சோதிச்சு சொல்வாங்க, ரிசல்ட் வர்ற வரைக்கும் கறிய தனியா பேர் எழுதி ஃப்ரீசர்ல வெச்சுக்கங்க.

---

அகிம்சை_ஆறுமுகம்:

தப்பா எடுத்துக்காதீங்க, கடைல கறி கிடைக்கற ஊர்ல எதுக்குங்க இது? அது பாட்டுக்கு மேஞ்சிட்டு இருக்கு. போட்டோ எடுக்கலாமே.

---

பைன்மரத்தாள்:

தப்பா எடுத்துக்கல அண்ணா, எங்கம்மா வாரம் ஒரு தடவ இதேதான் கேக்கறாங்க. கடைக்கறி மரத்துல காய்க்கல, அது மட்டும் சொல்லிக்கறேன். இன்னொண்ணு, ஒவ்வொரு ரைஃபிள் மேலயும் தோட்டா மேலயும் 11 சதவீதம் ஃபெடரல் வரி, 1937ல போட்ட சட்டப்படி அது மாநில வனவிலங்கு துறைக்கு போகுது, மீன்பிடி சாமானுக்கும் 1950ல இருந்து அதே மாதிரி. நீங்க போட்டோ எடுக்கற எல்க்குக்கு அந்த காசும் ஒரு காரணம். கேமராவுக்கு அந்த மாதிரி வரி இல்ல. அதுக்காக எல்லா வேட்டைக்காரனும் உத்தமன்னு சொல்ல வரல, பியர் கேன தூக்கிப் போட்டுட்டு போறவனும் இருக்கான்.

---

டகோட்டா_தாரா:

எல்லாரும் மலையவே பாக்கறீங்க, இந்தப் பக்கம் புல்வெளின்னு ஒண்ணு இருக்கறத மறந்துட்டீங்க! பத்து வருஷமா நார்த் டகோட்டால இருக்கேன், குளிர பத்தி பேச வேணாம், வாத்த பத்தி பேசலாம்.

பனியுகம் முடிஞ்சு பனிப்பாறை பின்வாங்கினப்ப நிலத்துல குழிகுழியா விட்டுட்டு போச்சு, அதுதான் ப்ரெய்ரி பாட்ஹோல். ப்ளேன்ல இருந்து பாத்தா ராமநாதபுரம் பக்கம் மேல பறக்கற மாதிரியே இருக்கும், கண்மாய் கண்மாயா மின்னும், என்ன, இங்க யாரும் வெட்டல, தானா வந்தது. வட அமெரிக்க வாத்துல பாதிக்கும் மேல இங்கதான் பொரிக்குதுன்னு சொல்வாங்க. இந்த குளங்கள்ல நிறைய ஃபெடரல் கவர்மென்ட் வாங்கி வாட்டர்ஃபவுல் ப்ரொடக்‌ஷன் ஏரியான்னு வெச்சிருக்கு, தனியா மூடின போர்டு இல்லாட்டி அதுல வேட்டைக்கு போகலாம், வாடகை கிடையாது, யாரையும் கெஞ்ச வேணாம். வாங்குன காசு எங்கருந்துன்னா டக் ஸ்டாம்ப். 1934ல ஆரம்பிச்சது, 25 டாலர், 16 வயசுக்கு மேல வாத்து சுடற எல்லாருக்கும் கட்டாயம், 100 காசுல 98 காசு நேரா நிலத்துக்கு போகுது. ஆறுமுகம் அண்ணா, சுடாதவங்களும் வாங்கலாம், அத காட்டினா நுழைவு கட்டணம் வாங்கற நேஷனல் வைல்ட்லைஃப் ரெஃப்யூஜ்ங்கற சரணாலயத்துல எல்லாம் சும்மா விடுவாங்க. யூட்டால பேர் ரிவர் பறவை சரணாலயம் போய் கேமராவோட நில்லுங்க, ஒரு நாள் பத்தாது.

வாத்துக்கு ஈய ரவை கூடாது, 1991ல இருந்து நாடு முழுக்க தடை, வாத்து அத கூழாங்கல்லுன்னு முழுங்கி விஷமாகி செத்துச்சு. ஸ்டீல் மாதிரி விஷமில்லாத ரவைதான். ஷாட்கன்ல மூணு தோட்டாவுக்கு மேல நுழையாத மாதிரி ப்ளக்னு ஒரு அடைப்பு போடணும். நான் முதல் வருஷம் ப்ளக் கழட்டி சுத்தம் பண்ணிட்டு திருப்பி போட மறந்து போனேன், வனவிலங்கு வார்டன் வந்து நாலாவது தோட்டாவ உள்ள தள்ளி பாத்தாரு, அது சத்தமில்லாம உள்ள போச்சு. அபராத தொகை எவ்வளவுன்னு வீட்டுக்கு இன்னும் தெரியாது.

ஃபெசன்ட்டுக்கு சவுத் டகோட்டா. சீனாலருந்து வந்த பறவை, 1919ல அங்க முதல் சீசன், இப்ப அதுதான் மாநிலப் பறவையே. சேவல் மட்டும் சுடலாம், பெட்டைய தொடக் கூடாது, ஒரு நாளைக்கு மூணு சேவல். வெளி மாநிலத்துக்காரங்க லைசென்ஸ் பத்து நாளுக்கு தருவாங்க, அத அஞ்சு அஞ்சு நாளா ரெண்டா பிரிச்சுக்கலாம். டென்வர்லருந்து எட்டு மணி நேர ட்ரைவ், அது முடியலன்னா உங்க கொலராடோ வடகிழக்குல யூமா, ஃபிலிப்ஸ் பக்கமே ஃபெசன்ட் இருக்கு, விவசாயி நிலத்த மாநிலமே வாடகைக்கு எடுத்து வாக்-இன்னு போர்டு வெச்சிருக்கும். கன்சாஸ்லயும் அதே கதை. எங்க நார்த் டகோட்டால இன்னும் விசேஷம், போர்டு இல்லாத தனியார் நிலத்துல வேட்டைக்கு நுழையலாம்னே சட்டம், இப்ப ஆன்லைன்லயும் போர்டு போடலாம்னு ஆக்கிட்டாங்க, அதனால ஃபோன்ல மேப் பாத்துட்டு இறங்கணும்.

குளிர்காலத்துல இங்க டெவில்ஸ் லேக் வாங்க. ஏரி மேல வண்டிய ஓட்டி, ஐஸ்ல ஓட்டை போட்டு பெர்ச் மீன் புடிக்கலாம். நடக்கறதுக்கு தெளிவான ஐஸ் நாலு இஞ்சாவது வேணும், வண்டிக்கு அதுக்கு ரொம்ப மேல. வெள்ளையா பஞ்சு மாதிரி இருந்தா அந்த கணக்கு செல்லாது.

---

கெளுத்தி_ரசிகன்:

தாரா நிலத்த பத்தி சொன்னதும்தான் ஞாபகம் வந்துச்சு, தண்ணி விஷயத்துல மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும், இதுல நிறைய பேரு மாட்டிக்கறாங்க. மொன்டானால 1985ல ஒரு சட்டம் போட்டாங்க, பாலத்துலயோ பொது இடத்துலயோ ஆத்துல இறங்கிட்டா போதும், வழக்கமா வெள்ளம் தொடற மட்டம் வரைக்கும் தனியார் நிலத்துக்கு நடுவுலயும் நடந்து மீன் புடிக்கலாம். அதே பழக்கத்துல கொலராடோல இறங்கினா கதை வேற, இங்க 1979ல மாநில சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்புப்படி ஆத்தோட அடி நிலம் கரைக்காரனுக்கு சொந்தம், படகுல மிதந்து போனா கூட அடில கால் பட்டா அத்துமீறல். வயோமிங்லயும் கிட்டத்தட்ட அப்படித்தான், மிதக்கலாம், நங்கூரம் போடக் கூடாது. தண்ணி எல்லாருக்கும், தரை அவனுக்கு, என்ன நியாயமோ.

வயோமிங்ல இன்னொரு கூத்து. 1860கள்ல ரயில்வேக்கு ஒரு சதுரம் விட்டு ஒரு சதுரம் நிலம் குடுத்தாங்க, இப்பவும் செஸ் போர்டு மாதிரி கருப்பு தனியார், வெள்ளை பொதுநிலம். பொதுநிலத்துலருந்து பொதுநிலத்துக்கு மூலைக்கு மூலை தாண்டினா, தனியார் நிலத்துக்கு மேல இருக்கற காத்துல அத்துமீறினதா கேஸ். நாலு வேட்டைக்காரங்க மூலைல ஏணி வெச்சு தாண்டி, அந்த கேஸ் வருஷக்கணக்கா ஓடி, 2025ல டென்வர்ல இருக்கற ஃபெடரல் அப்பீல் கோர்ட் அவங்க பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு. கரையான் தம்பி, வயோமிங்ல வைல்டர்னஸ்னு பேரு வெச்சு காடாவே விட்ட பகுதில வெளி மாநிலத்துக்காரங்க எல்க், மானுக்கு போனா கைடோ உள்ளூர்க்காரரோ கூட இருக்கணும், மீனுக்கு அது தேவையில்ல. அங்க க்ரிஸ்லி கரடி வேற, கரடிக்குன்னே விக்கற ஸ்ப்ரே பைக்குள்ள இருந்தா பிரயோஜனமில்ல, இடுப்புல இருக்கணும்.

---

கண்மாய்க்கரையான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பைன்மரத்தாள் அக்கா, ரேஞ்ச் ப்ளான் கேன்சல், நண்பருக்கே அந்த சட்டம் தெரியல, படிச்சிட்டு அவருதான் அதிகமா பயந்துட்டாரு. ஹன்டர் எஜுகேஷன் ஆன்லைன்ல ஆரம்பிச்சிட்டேன், வக்கீலுக்கும் ஈமெயில் போட்டாச்சு. வில்லுதான் யோசிக்கறேன்.

மீன் கதைய கேளுங்க. கெளுத்தி அண்ணன் செர்ரி க்ரீக் போன்னு சொன்னாரு, நான் யூடியூப் பாத்துட்டு சவுத் ப்ளாட் ஆத்துல இருக்கற சீஸ்மன் கேன்யன் போனேன். ஒரு மணி நேரம் நடந்து மூச்சு வாங்கி கீழ இறங்கினா போர்டு, செயற்கை இரை மட்டும், புடிச்சதெல்லாம் உடனே விடணும். என் பைல ஒரு டப்பா மண்புழு. தெளிஞ்ச தண்ணில கைநீளத்துக்கு ட்ரவுட் நிக்குது, ஒண்ணு என்னையே பாத்துச்சு. டப்பாவ திருப்பி வெச்சிட்டு பாறை மேல உக்காந்து எலுமிச்ச சாதம் சாப்பிட்டு வந்துட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அதே புழுவோட செர்ரி க்ரீக். எட்டரை மணிக்கு தூண்டில் நரம்பு விர்ருன்னு இழுத்துச்சு, ரெண்டரை பவுண்டு கெளுத்தி. ஒரு சந்தேகம், இதுக்கு செதில் இல்லையே, தோல எப்படி உரிக்கறது? ஊர்ல சாம்பல் போட்டு தேய்ப்பாங்க, இங்க அபார்ட்மென்ட்ல சாம்பலுக்கு எங்க போறது?

---

கெளுத்தி_ரசிகன்:

குறடு வாங்குங்க. தலைக்கு பின்னால சுத்தி ஒரு கீறல் போட்டு, தோல குறட்டால புடிச்சு வால் பக்கமா இழுத்தா சட்டை மாதிரி கழண்டு வரும். அதுக்கு முன்னாடி பக்கவாட்டு முள்ளு ரெண்டையும் முதுகு முள்ளையும் வெட்டிருங்க, கை பத்திரம். அடுத்த ஞாயிறு ஸ்பின்னி மவுன்டன் ஏரிக்கு போறேன், வண்டில ஒரு சீட் காலி, காலைல நாலு மணிக்கு கிளம்பணும். புழுவ வீட்டுல வெச்சிட்டு வாங்க, அங்கயும் செல்லாது.